பதினாறு சென்டிமீட்டர் வளர்ந்த பழனிசாமி

நான் ஓய்வு பெற்ற ஆஸ்பத்திரிக்குப் புதிதாக ஒரு மிஷின் வந்திருக்கிறது. நுரையீரலில் எவ்வளவு காற்று போய் வருகிறது என்று பார்க்கிற மிஷின். குழாயை வாயில் வைத்தவுடன் அதுவே பேசுகிறதாம். "தயவுசெய்து மூச்சை நன்றாக உள்ளிழுக்கவும். இப்போது வேகமாக ஊதவும். நன்றி" என்று ஒரு பெண் குரல். என் இடத்தில் இப்போது இருக்கிற கவிதா அதைப் பதிவு செய்து வாட்சப்பில் அனுப்பி, "எப்படி இருக்குதுக்கா?" என்று கேட்டாள். ரயில் தாமதமாக வரும் என்று ஸ்டேஷனில் சொல்கிற மாதிரி இருக்கிறது என்றேன். தயவுசெய்து என்று கேட்டால் எந்த ஆம்பளை முழு மூச்சையும் ஊதுவான்? பாதியில் நிறுத்திவிட்டு, போதுங்களா என்று மிஷினையே கேட்பான்.

முப்பத்தொரு வருஷம் அந்த வேலையை நான் கத்தியே செய்தேன். "இழு, இழு, இன்னும் இழு... ஊது! ஊது ஊது ஊது, விடாதே, உள்ளே இன்னும் இருக்கு, ஊது!" என் பெயர் ஜமீலா. ஆனால் மேட்டூரிலிருந்து திருச்செங்கோடு வரை பட்டறைகளில் 'ஊது அக்கா' என்றால்தான் தெரியும். செவ்வாய்ப்பேட்டையில் மளிகை மொத்த வியாபாரம் செய்த என் அத்தா, "பொம்பளப் புள்ள இப்படித் தொண்டை கிழியக் கத்துனா எவன் வந்து கட்டுவான்?" என்று கவலைப்பட்டார். வந்து கட்டினவருக்குக் காது கொஞ்சம் மந்தம். எல்லாம் நல்லபடியாகவே அமைந்தது.

புதிதாக வருகிறவர்கள் படிக்கட்டும், அனுபவத்தை எழுதுங்கள் என்று கவிதா விடாமல் நச்சரிக்கிறாள். என் பெருமையை எதிர்பார்க்கிறாள் போலிருக்கிறது. பெருமையும் கொஞ்சம் உண்டு, அதை முதலில் சொல்லி முடித்துவிடுகிறேன். அப்புறம் நான் ஏமாந்த கதை. அதுதான் பெரிது.

படிப்பைப் பற்றிச் சொல்ல ஒன்றும் இல்லை. பிளஸ் டூ, ஒரு வருஷம் லேப் டெக்னீஷியன் கோர்ஸ், சென்னையில் ஆறு மாதம் பயிற்சி. பயிற்சியில் கற்றுக்கொண்ட உருப்படியான பாடம் ஒன்று: பல்செட் போட்டிருப்பவரிடம் அதைக் கழற்றச் சொல்லாதே. ஒரு தடவை மறந்துபோய்ச் சொல்லிவிட்டேன். அந்தப் பெரியவர் ஊதின காற்று நாலா பக்கமும் போனது, குழாய்க்குள் மட்டும் போகவில்லை. என் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டுதான் அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

ஊதல் சோதனை சுலபமானதுதான். முதலில் செருப்பைக் கழற்றச் சொல்லி உயரம் அளக்க வேண்டும். உயரமானவருக்கு நுரையீரலும் பெரிது. வயதையும் உயரத்தையும் கொடுத்தால், இந்த ஆளுக்கு இவ்வளவு காற்று வரவேண்டும் என்று மிஷின் ஒரு கணக்கு வைத்துக்கொள்ளும். பிறகு உட்காரவைத்து, மூக்கில் கிளிப் மாட்டி, அட்டைக் குழாயை உதட்டால் இறுகக் கவ்வச் சொல்ல வேண்டும். முழு மூச்சையும் இழுத்து, ஒரே வீச்சில் வெடித்து ஊதி, ஆறு நொடிக்குக் குறையாமல் ஊதிக்கொண்டே இருக்க வேண்டும். முதல் நொடியில் எத்தனை லிட்டர் வருகிறது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. இப்படி மூன்று தடவை. மூன்றும் ஒத்துப்போனால்தான் செல்லும்.

லேசான வேலை வேண்டும் என்கிறவன் சூடான டீயை ஆற்றுகிற மாதிரி ஊதுவான். அவனைப் பிடிப்பது எனக்குச் சர்வசாதாரணம். பொய்யாக ஊதினால் மூன்றும் மூன்று விதமாக வரும். "ஏம்பா, கன்னத்துல இருக்கிற காத்த ஊதுறியே, நெஞ்சுல இருக்கிறத யாருக்கு வச்சிருக்கே?" என்று கேட்டால் சிரித்துவிடுவான். ஊதுகிற சத்தத்தை வைத்தே நுரையீரல் எப்படி என்று சொல்லிவிடுவேன், எவனும் என்னை ஏமாற்ற முடியாது என்று ஊரெல்லாம் பீற்றிக்கொண்டு திரிந்தேன். பெருமை இத்தோடு முடிந்தது.

எனக்கு மேலே இருந்தவர் டாக்டர் குழந்தைவேலு. நாமகிரிப்பேட்டைப் பக்கம் மஞ்சள் போடுகிற குடும்பம். நோயாளி உள்ளே வந்தால் ஸ்டெதஸ்கோப்பை எடுக்கவே மாட்டார். "ஏனுங்க, பஸ் ஸ்டாண்டுல எறங்குனா உங்க ஊட்டுக்கு எப்படிங்க வரோணும்?" என்று கேட்பார். டாக்டர் நம் வீட்டுக்கு வரப்போகிறாரோ என்று அந்த ஆள் சந்தோஷமாக வழி சொல்ல ஆரம்பிப்பார். டாக்டரின் பென்சில் மேசைக்குக் கீழே ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு கோடு போட்டுக்கொண்டிருக்கும். அந்த ஆள் மூச்சு வாங்க நிறுத்துகிற இடத்தில் பென்சிலும் நின்றுவிடும். நல்ல நெஞ்சுக்காரர், ரேஷன் கடை தாண்டி, கோயில் தாண்டி, தென்னந்தோப்பு ஓரமாக வீட்டு வாசல் வரைக்கும் ஒரே மூச்சில் கொண்டுபோய் விட்டுவிடுவார். முடியாதவர் பாதியில் நிற்பார். "ரேசன் கடையிலயே நின்னுட்டாருங்கம்மா" என்று டாக்டர் என்னிடம் தணிந்த குரலில் சொல்வார். பிறகு நான் மிஷினில் ஊதவைத்துப் பார்த்தால் அதுவும் ரேஷன் கடையைத்தான் சொல்லும்.

அவர் யாரையும் திட்டி நான் பார்த்ததில்லை. நான் தப்புச் செய்தால் தன் டீ டம்ளரை மெதுவாக என் பக்கம் நகர்த்தி வைத்து, "குடிங்கம்மா" என்பார். அவ்வளவுதான் தண்டனை. அந்த டீ தொண்டையில் இறங்காது. அத்தனை வருஷத்தில் ஐந்தாறு டீ குடித்திருப்பேன்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். திருச்செங்கோடு ரோட்டில் ஒரு பட்டறை. போர் போடுகிற ரிக் வண்டிகளுக்கு ஹைட்ராலிக் ராடு செய்கிற இடம். அறுபது பேர் வேலை செய்தார்கள். ஒரு பக்கம் லேத்து, இன்னொரு பக்கம் குரோம் தொட்டி. லேத்தில் கடைந்த ராடைத் தொட்டியில் இருக்கிற ஆசிட்டில் இறக்கிக் கரண்ட் கொடுத்தால், முகம் பார்க்கிற அளவுக்குப் பளபளவென்று குரோமியம் ஏறிவிடும். கரண்ட் ஓடும்போது ஆசிட் நுரைத்துப் பொடிப்பொடியாகத் தெறித்து, புகை மாதிரி மேலே எழும்பும். அந்தப் புகையில் இருப்பதும் அதே குரோமியம்தான். மூக்கில் படிந்தால் புண். நெஞ்சுக்குள் போனால் இருமல், இழுப்பு. வருஷக்கணக்கில் போனால் புற்றுநோய் வரைக்கும் கொண்டுபோய் விடும்.

எங்கள் ஆஸ்பத்திரி வேனில் வருஷத்துக்கு ஒரு நாள் அங்கே முகாம் போடுவோம். டாக்டர் வரமாட்டார், நானும் டிரைவரும்தான். நான் ஊதவைத்துக் கையெழுத்துப் போட்ட தாள்களை அவர் சேலத்தில் உட்கார்ந்து பார்ப்பார்.

முதல் முகாமன்று டீ இடைவேளையில் ஒரு குள்ளமான மனிதர், வடைப் பொட்டலத்தில் சுற்றியிருந்த நூலை அவிழ்த்து ஒரு மூக்குத் துளையில் விட்டு, மறு துளை வழியாக வெளியே எடுத்து, இரண்டு முனையையும் பிடித்து முன்னும் பின்னும் இழுத்துக் காட்டினார். சுற்றி நின்றவர்கள் கைதட்டினார்கள். ஆசிட் புகை மூக்கின் நடுத்தண்டைத் தின்று ஓட்டை போட்டிருக்கிறது, அந்த ஓட்டை வழியாகத்தான் நூல் போகிறது. தொட்டிக்காரர்களுக்குள் அது ஒரு பட்டம். ஓட்டை விழுந்தால்தான் அவர் சீனியர். விழாதவன் கற்றுக்குட்டி.

"எரிச்சல் எல்லாம் ஓட்டை உழுகற வரைக்குந்தானுங்க்கா. உழுந்துபோச்சுன்னா அப்பறம் ஒண்ணுமே தெரியாது, ஜம்முனு இருக்கும்" என்றார் அவர். அவர்தான் பழனிசாமி. உயரம் நூற்று ஐம்பத்தெட்டு சென்டிமீட்டர். ஊதினதில், வரவேண்டிய காற்றில் பாதிக்குக் கொஞ்சம் மேலே வந்தது. தொட்டிக்காரர்கள் பதினைந்து பேருக்குமே அப்படித்தான்.

தாள்களைப் பார்த்த டாக்டர், தொட்டிக்கு மேலே புகையை உறிஞ்சுகிற ஃபேன் வைக்கச் சொல்லி முதலாளிக்குக் கடிதம் எழுதினார். முதலாளி நல்ல மனிதர். இந்தக் கதையில் கெட்டவன் ஒருத்தன்கூட இல்லை, அதுதான் தொந்தரவே. உடனே ஃபேன் வாங்கி மாட்டினார். ரொம்ப மோசமாக ஊதின ஒருவரைத் தொட்டியிலிருந்து இறக்கி, வாசல் கூட்டுகிற வேலைக்கு மாற்றினார். நல்லதென்று நினைத்துத்தான் செய்தார்.

மறு வருஷம் போனேன். என்ன சொல்ல! தொட்டியில் மீதி இருந்த பதினான்கு பேரும் ஊதின ஊதலில் மிஷின் எகிறிக் குதிக்காததுதான் பாக்கி. பழனிசாமிக்கு வரவேண்டியதைவிடக் கூடுதலாகவே வந்தது. ஃபேன் செய்த வேலை என்று நான் பூரித்துப்போனேன். டாக்டரும் பூரித்துப்போய், ஒரு கூட்டத்தில் அந்த ஃபேனைப் பற்றிப் பேசிவிட்டு வந்தார். அந்த ஃபேனோ, சத்தம் காதைக் குடைகிறது என்று பாதி நாள் நின்றேதான் இருந்தது. அது எங்களுக்குத் தெரியாது.

அதே வருஷம் லேத்துக்காரர்கள் பதினான்கு பேருக்கு மூச்சுக் குறைந்திருந்தது. அடுத்த வருஷமும் குறைவு. அதற்கடுத்த வருஷமும் குறைவு. முதலாளி வேனுக்குப் பக்கத்தில் வந்து நின்று, "பாத்தீங்களா சிஸ்டர், தொட்டிக்காரங்க சிங்கக்குட்டிங்களாட்ட ஊதறாங்க. ஆசிட்டுக் காத்து நெஞ்சுச் சளியெல்லாம் அறுத்துப்போடுதுங்க போல" என்றார். நானும் ஆமாம் போட்டேன். லேத்தில் ஊற்றுகிற எண்ணெய்தான் புகைந்து கெடுக்கிறது என்று டாக்டர் முடிவு கட்டினார். எண்ணெயை மாற்றுங்கள், மூச்சுக் குறைந்தவர்களை லேத்திலிருந்து வேறு இடத்துக்கு மாற்றுங்கள் என்று இன்னொரு கடிதம் போனது. அதோடு கொரோனா வந்துவிட்டது. வாயில் குழாயை வைத்து ஊதுகிற சோதனை யாருக்கும் கூடாது என்று இரண்டு வருஷம் என் மிஷினுக்கு உறை போட்டு மூடிவைத்தார்கள். எனக்கும் தொண்டை ஆறியது.

மறுபடி திறந்த சில மாதத்தில் பழனிசாமி ஆஸ்பத்திரிக்கே வந்தார். கூட அவர் மனைவி பாப்பாத்தி. டாக்டர் வழக்கம்போல வீட்டுக்கு வழி கேட்டார்.

"பஸ் ஸ்டாண்டுல... எறங்கி..." என்றார் பழனிசாமி. அவ்வளவுதான். பஸ்ஸை விட்டு இறங்கின இடத்திலேயே நின்றுவிட்டார். டாக்டரின் பென்சில் இரண்டே கோடு போட்டிருந்தது.

மிஷினில் முதல் நொடிக்கு ஒரு லிட்டர்கூட முழுசாக வரவில்லை. பீடி, சிகரெட் எதுவும் கிடையாது. பதினெட்டு வருஷம் தொட்டிப் புகை. வேலையால் வந்த நோய் என்று டாக்டர் எழுதி, நஷ்டஈடு கொடுக்கிற மருத்துவக் குழுவுக்கு அனுப்பினார். குழு ஒத்துக்கொண்டால் மாதாமாதம் ஒரு தொகையும் ஆயுசுக்கும் வைத்தியமும் உண்டு, தொட்டிப் பக்கமே போகவேண்டாம். ஒத்துக்கொள்ளாவிட்டால் லீவு முடிந்து அதே தொட்டிக்குத் திரும்ப வேண்டும். திரும்பினால் அந்த மனிதர் வருஷம் தாண்டமாட்டார் என்று டாக்டர் என்னிடம் சொன்னார்.

குழு ஒத்துக்கொள்ளவில்லை. கடிதத்தோடு பாப்பாத்தி என் அறைக்குள் வந்து நின்றாள்.

"இதப் படிங்க. முன்னால மூணு வருசமும் இவருக்கு மூச்சு அருமையா இருந்துச்சாமா. இப்ப வேணுமுன்னே ஊதாம இருக்கறாராமா. கொரோனா வந்திருக்குமாமா. நீங்க எழுதிக் குடுத்த தாளப் பாத்துத்தான் சொல்றாங்களாமா. ராத்திரியெல்லாம் உக்காந்துட்டே தூங்கறாருங்க அந்த மனுசன். அருமையா இருக்குதுன்னு எழுதுன மகராசி நீங்கதானுங்களே?"

எனக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. என் ஊதலைத் தப்பு என்று யாரும் சொன்னதில்லை. பீரோவைத் திறந்து, நாலு முகாமின் கட்டுகளையும் அவிழ்த்து, பழனிசாமியின் நாலு தாள்களையும் மேசைமேல் வரிசையாகப் பரப்பினேன். அந்த நாலையும் நான் அப்படிப் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தது அதுதான் முதல் தடவை. வருஷா வருஷம் புதுத் தாள், பழையதைக் கட்டி பீரோவில் போட்டுவிடுவேன். என் காது இருக்கும்போது பழைய தாள் எதற்கு என்ற திமிர்.

முதல் வருஷம்: உயரம் 158. இரண்டாம் வருஷம்: 174. மூன்றாம் வருஷம்: 174. நாலாம் வருஷம்: 174. நான் என் கையால் அளந்து, என் கையால் எழுதி, கீழே என் கையெழுத்தும் போட்டிருக்கிறேன்.

யா அல்லாஹ் என்று உட்கார்ந்துவிட்டேன். வெளியே பெஞ்சில் இருந்த பழனிசாமியை உள்ளே வரச் சொன்னேன்.

"பழனிசாமி, அம்பது வயசுக்கு மேல பதினாறு சென்டிமீட்டர் வளந்திருக்கீங்க. மூணு வருஷம் அப்படியே இருந்துட்டு, இப்ப மறுபடியும் சுருங்கிட்டீங்க. என்ன சாப்பிட்டீங்க?"

அவர் தாளைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, இருமல் அடங்க ரொம்ப நேரம் ஆனது.

"அது சக்திவேலுங்க்கா. அப்ப லேத்துல இருந்தவன். நல்ல ஒசரம். நான் அவம்பேருல ஊதுனனுங்க, அவன் எம்பேருல ஊதுனானுங்க."

"நீங்க ரெண்டு பேரு மட்டுமா?"

"தொட்டிக்காரங்க பதினாலு பேருமேதானுங்க. பதினாலு பேருக்கும் லேத்துல ஒரு ஜோடி. மொத வருசம் ஊதாதவனக் கூட்டறதுக்குத் தள்ளிப்போட்டாங்கல்லங்க. அத்தன வருசமாத் தொட்டிக்காரன்னு நெஞ்ச நிமுத்திட்டுத் திரிஞ்சுபோட்டு, வெளக்கமாத்தப் புடிக்கச் சொன்னா எப்படிங்க? லேத்துக்காரனுக்குத் தாள்ல கொறைச்சலா வந்தா யாரும் கண்டுக்க மாட்டாங்கன்னு நெனச்சமுங்க. லேத்துல என்ன பொகையா வருது?"

ஒரே நீலச் சட்டை போட்ட அறுபது பேர், அரை நாளில் ஊதி முடிக்க வேண்டும். மேஸ்திரி பேரைக் கூப்பிடுவார், யாரோ ஒருவர் வந்து உட்காருவார், நான் கத்துவேன். நான் மூச்சைத்தான் கேட்டேன், முகத்தைப் பார்க்கவே இல்லை.

பாப்பாத்தி இடுப்பில் கை வைத்துக்கொண்டு புருஷனைப் பார்த்தாள். "ஊதறதுக்கு ஆள் வெச்சீங்களே, கண்ணாலத்துக்கும் ஒரு ஆள் வெச்சிருந்தீங்கன்னா நான் தப்பிச்சிருப்பனே!" என்றாள். சொல்லிவிட்டு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை.

வழி ஒன்றுதான். அந்த மூன்று தாளும் பழனிசாமியின் மூச்சு இல்லை என்று நான் எழுதிக்கொடுக்க வேண்டும். ஒவ்வொரு தாளிலும் 'என் முன்னிலையில் ஊதினார்' என்று அச்சடித்திருக்கிறது, அதன் கீழே என் கையெழுத்து. ஓய்வு பெற எனக்கு ஒரு வருஷம்கூட இல்லை. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. மூன்றாம் நாள் தாள்களை எடுத்துக்கொண்டு டாக்டர் முன்னால் போய் நின்று எல்லாவற்றையும் சொன்னேன். அவர் நாலு தாளையும் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார். பிறகு தன் டீ டம்ளரை என் பக்கம் நகர்த்தினார். பாதி தூரம் நகர்த்தியவர், ஏதோ யோசித்து நிறுத்தி, அதைத் தானே எடுத்து ஒரு வாய் குடித்துவிட்டு மீதியை எனக்கு வைத்தார்.

"தாளப் பாத்து நானுந்தானுங்கம்மா ஏமாந்தேன். ஃபேனப் பத்திக் கூட்டத்துல வேற பேசிப்போட்டு வந்தேன். எழுதுங்க. நானும் கையெழுத்துப் போடறேன்" என்றார்.

எழுதினேன். அதற்கு ஒரு மெமோ வந்தது, ஒரு இன்கிரிமென்ட் போனது. போகட்டும், அதைச் சொல்லி அழ இதை எழுத உட்காரவில்லை.

குழு டாக்டரையும் என்னையும் பழனிசாமி, பாப்பாத்தியையும் விசாரணைக்குக் கூப்பிட்டது. உண்மையில் ஊதின ஆளையும் கூட்டிக்கொண்டு வரச் சொல்லியிருந்தார்கள். பழனிசாமி போன் போட்டுப் பேச, சக்திவேல் வருகிறேன் என்று சொல்லிவிட்டான். முப்பது வயது தாண்டாதவன், நெடுநெடுவென்று இருந்தான். என்னைப் பார்த்ததும் கும்பிட்டு, "தப்பா நெனச்சுக்காதீங்க்கா" என்றான். "உன் ஊதலுக்கு மூணு வருஷம் நான் பழனிசாமியை மெச்சிக்கிட்டிருந்தேன்டா, படுபாவி" என்றேன். சிரித்தான்.

குழுவில் மூன்று டாக்டர்கள் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் இருந்த பெரியவர் என் கடிதத்தைப் படித்துவிட்டு, "ஏம்மா, மூணு வருஷம் ஆள் மாறாட்டம் நடந்திருக்கு, நீங்க பக்கத்துலயே நின்னு கத்திட்டு இருந்திருக்கீங்க" என்றார். ஆமாங்க சார் என்றேன். வேறென்ன சொல்ல?

பழனிசாமியைச் சுவரோரம் நிறுத்தி அளந்தார்கள். 158. சக்திவேலை நிறுத்தினார்கள். 174. பக்கத்தில் இருந்த இரண்டு டாக்டர்களுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. பெரியவர் மட்டும் சிரிக்கவில்லை. "நூத்தி எழுபத்திநாலு சென்டிமீட்டர்ல ஊருக்கு ஆயிரம் பேர் இருப்பாங்க. இவர் ஊதட்டும். பழைய தாள்ல இருக்கிற அளவு வந்தா, அதை ஊதினது இவர்தான்னு ஒத்துக்கிறேன்" என்றார்.

எனக்கு அப்படியொரு தெம்பு. மிஷினை வேனிலேயே கொண்டுவந்திருந்தேன். பழைய தாளில் முதல் நொடிக்கு மூன்றரை லிட்டருக்கு மேல். அந்தக் கோடு எப்படி ஏறும், எங்கே வளையும் என்பது எனக்கு மனப்பாடம். கிளிப்பை மாட்டிக் குழாயைக் கொடுத்தேன். பக்கத்து அறையில் இருந்தவர்கள் எட்டிப் பார்க்கிற அளவுக்குக் கத்தினேன். "இழு, இழு, இழு... ஊது! ஊது ஊது ஊது!"

கோடு ஏறியது. பாதியிலேயே வளைந்து படுத்துவிட்டது. இரண்டு லிட்டர் சொச்சம்.

"சரியா ஊது சக்திவேல். வெக்கப்படாதே" என்றேன். மறுபடியும் ஊதினான். அதே அளவு. மூன்றாவது தடவை கழுத்து நரம்பெல்லாம் புடைக்க, முகம் சிவக்க ஊதினான். அதே அளவுதான். குழாயை எடுத்துவிட்டு இருமினான்.

"இவரும் இல்லையே அப்போ?" என்றார் பெரியவர்.

பழனிசாமி நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார். "அவந்தானுங்க சாமி... சத்தியமா அவந்தானுங்க... டேய், ஊதுடா... எப்பவும் ஊதற மாதிரி... ஊதுடா" என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சு வாங்கினார்.

"இவ்வளவுதானுங்ணா வருது" என்றான் சக்திவேல்.

டாக்டர் குழந்தைவேலு சக்திவேல் பக்கம் திரும்பினார். மெதுவாகக் கேட்டார். "சாமி, நீ இப்ப எந்தப் பக்கம் வேல செய்யற?"

"தொட்டிலீங்க. ரெண்டு வருசமாச்சுங்க."

"லேத்து என்னாச்சு?"

"லேத்து எனக்கு ஆகாதுன்னு ஆஸ்பத்திரியில இருந்து லெட்டர் வந்துச்சுங்களே. மொதலாளி படிச்சுக் காட்டுனாருங்க. தாள்ல எனக்கு மூச்சு கொறைச்சலா இருந்துச்சுங்கல்ல? தொட்டிக்காரங்களுக்குத்தான் நெஞ்சு நல்லா இருக்குது, அங்க போயி ஒடம்பத் தேத்திக்கடான்னு மாத்திவுட்டாருங்க."

கடிதம் எழுதினவர் என் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறார். அந்தக் கடிதத்துக்குத் தாள் கொடுத்தவள் நான். அந்தத் தாளில் இருந்தது பழனிசாமியின் நெஞ்சு.

"அடப் பாவி, தாள்ல இருக்கிறது நான் இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாமேடா" என்றேன்.

"சொன்னா பழனிசாமியண்ணனுக்கு வேல போயிருமுங்களேக்கா" என்றான். ரொம்பச் சாதாரணமாகத்தான் சொன்னான்.

டாக்டர் எழுந்துபோய் அவன் முகத்தை நிமிர்த்திப் பிடித்து, மூக்குக்குள் டார்ச் அடித்துப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு டார்ச்சைப் பெரியவரிடம் கொடுத்தார். பெரியவரும் வந்து குனிந்து பார்த்தார். இந்தப் பக்கத் துளையில் அடித்த வெளிச்சம் அந்தப் பக்கத் துளையில் தெரிந்தது. நிற்கிற இடத்திலிருந்தே நானும் பார்த்தேன்.

பெரியவர், "ரெண்டு வருஷத் தொட்டிக்கே இப்படின்னா..." என்று முனகிக்கொண்டே திரும்பிப் போய்ப் பழனிசாமியின் கோப்பில் 'ஏற்கப்பட்டது' என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். பாப்பாத்தி எதற்காக அந்த அறைக்கு வந்தாளோ அது கிடைத்துவிட்டது. அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. பழனிசாமி சக்திவேலின் கையைப் பிடித்துக்கொண்டு, வாய் திறந்து என்னவோ சொல்லப் பார்த்தார். மூச்சு வரவில்லை.

அடுத்த வாரமே பட்டறையில் இருபத்தெட்டுப் பேரையும் முகத்தைப் பார்த்து, ஆதார் கார்டைப் பார்த்து மறுபடி ஊதவைத்தேன். முதலாளி தொட்டி அறையைப் பூட்டிவிட்டு, புகை வெளியே வராத மூடி போட்ட தொட்டி வாங்கினார். லேத்திலிருந்து தொட்டிக்கு 'உடம்பு தேற' அனுப்பப்பட்டவர்கள் இன்னும் மூன்று பேர் இருந்தார்கள். அவர்களையும் திருப்பினோம். இதெல்லாம் அப்புறம் நடந்தது.

அன்றைக்கு அந்த அறையில், சக்திவேலுக்கும் ஒரு கோப்புத் தொடங்கச் சொன்னார் பெரியவர். நான் புதுத் தாள் ஒன்றை எடுத்து எதிரில் உட்கார்ந்தேன். வயது கேட்டு எழுதினேன். உயரம் எழுதினேன். இருமிக்கொண்டே மேசைமேல் குனிந்து பார்த்தவன் என்னிடம் கேட்டான்:

"இது யாரு பேருலீங்க்கா?"

"உன் பேர்லதான்டா" என்றேன்.